மோட்டார் டிரைவ் சூடேறுதல்

ஆலை மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தின் அதிர்வெண்ணையும் அழுத்தத்தையும் மாற்றி அதன் வேகத்தை ஆளும் கருவி டிரைவ் எனப்படும். கடத்தும் திறனில் சில விழுக்காடு அதற்குள்ளேயே வெப்பமாகிறது. அது வெளியேறாவிட்டால் டிரைவ் 'டிரிப்' ஆகி மோட்டாரை நிறுத்திவிடும்.

1891 அளவில் அமெரிக்கரான வார்டு லெனார்டு, மோட்டார் சுழற்றும் ஜெனரேட்டரைக் கொண்டு இன்னொரு மோட்டாரின் வேகத்தை ஆளும் முறையைத் தந்தார். மூன்று பெரிய எந்திரங்கள் தேவைப்பட்டதால் வெப்பம் பரவலாக வெளியேறியது. 1957இல் ஜெனரல் எலக்ட்ரிக் பொறியாளர்கள் மின்சாரத்தை ஆளும் குறைகடத்திச் சுவிட்சான தைரிஸ்டரை உருவாக்கினர். 1980களில் விரைந்து திறந்து மூடும் ஐஜிபிடி என்ற குறைகடத்திச் சுவிட்சு சந்தைக்கு வந்தது. இவற்றால் கருவி சிறுத்தது, வெப்பம் சிறிய இடத்தில் குவிந்தது. மணவூர் வழியாகச் செல்லும் சென்னை–அரக்கோணம் தடத்தில் ஓடும் மூன்றுகட்ட மின் எஞ்சின்களிலும் இதே சிக்கல் உண்டு. முதலில் வந்த வகைகளில் கன்வெர்ட்டரை எண்ணெயால் குளிர்வித்தனர்.

கோளாறு இருவகை: டிரைவ் சூடேறுவது, மோட்டார் சூடேறுவது. முன்னதை யஸ்காவா நிறுவன டிரைவ் 'ஓஎச்' என்றும், டான்ஃபாஸ் நிறுவன டிரைவ் 29ஆம் அலாரம் என்றும் காட்டும். பின்னது பெரும்பாலும் குறைந்த வேகத்தில் நேர்வது. தண்டில் பொருத்திய விசிறியும் மெதுவாகச் சுழல்வதால் காற்று போதாது. தனி விசிறி வைப்பதே தீர்வு.

பல டிரைவ்களின் முழுத்திறன் சுற்றுப்புற வெப்பநிலை 40 பாகை செல்சியசுக்குக் கணக்கிட்டது. அதற்கு மேல் பாகைக்கு 1 விழுக்காடு குறைப்பது வழக்கம்: 100 ஆம்பியர் டிரைவ் 50 பாகையில் 90 ஆம்பியர்தான் தரும். திருத்தணி வானிலை நிலையம் கோடையில் 40 பாகைக்கு மேல் பதிவு செய்வது புதிதன்று. மூடிய பேனலுக்குள் இன்னும் கூடும். ஆகவே இவ்வட்டாரத்தில் ஓர் அளவு பெரிய டிரைவ் வாங்குவதே சரி.

பழுது தேடும்போது காற்றுவழியிலிருந்து தொடங்க வேண்டும். திருத்தணி, பள்ளிப்பட்டு பக்கத்து விசைத்தறிகளில் பஞ்சுத்தூசியும், திருவாலங்காடு போன்ற சர்க்கரை ஆலைப் பகுதிகளில் கரும்புச் சக்கைத்தூளும் ஃபில்டரையும் வெப்பத்தை வெளியேற்றும் அலுமினிய இதழ்களையும் அடைத்துவிடும். மின்சாரத்தை நிறுத்தி, கேப்பாசிட்டரில் தேங்கிய மின்னேற்றம் இறங்கும்வரை காத்திருந்து துப்புரவு செய்ய வேண்டும். விசிறி தேயும் பொருள்; இரைந்தால் மாற்றிவிட வேண்டும். அடுத்து கேரியர் அதிர்வெண், அதாவது ஐஜிபிடி நொடிக்கு எத்தனை முறை திறந்து மூடுகிறது என்பது: மோட்டார் சத்தத்தைக் குறைக்க அதை உயர்த்தியிருந்தால் ஐஜிபிடி கூடுதலாகச் சூடேறும். காரணம் காணாமல் 'ரீசெட்' அழுத்தி ஓட்டுவது டிரைவை எரித்துவிடும்.

இன்றைய டிரைவ்கள் பலவும் உள்வெப்பத்தையும் விசிறி ஓடிய நேரத்தையும் திரையிலேயே காட்டுகின்றன.