ராணி ராம்பால்: வண்டித் தொழிலாளியின் மகள், இந்திய ஹாக்கி அணியின் தலைவி

இந்திய மகளிர் ஹாக்கி அணியின் முன்னாள் தலைவி ராணி ராம்பால் 1994 டிசம்பர் 4ஆம் தேதி பிறந்தவர். 254 அனைத்துலக ஆட்டங்களில் 120 கோல்கள் அடித்திருக்கிறார். ஈப்போ, சிம்பாங் பூலாய் பக்கத்தில் இந்திய ஹாக்கி என்றாலே சுல்தான் அஸ்லான் ஷா கிண்ணத்துக்கு வந்துபோகும் ஆண்கள் அணிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். பெண்கள் அணியைப் பற்றி இங்கே அவ்வளவாகப் பேச்சில்லை.

ராணியின் ஊர் ஹரியானாவில் உள்ள ஷாஹாபாத். அப்பா வண்டி இழுக்கும் தொழிலாளி, நாள் கூலி 80 ரூபாய். அம்மா வீட்டு வேலைக்குப் போனார். ஊரில் ஹாக்கிப் பயிற்சி மையம் இருந்தது. ஆனால் மட்டை வாங்கக் காசில்லை. உடைந்த மட்டை ஒன்றை வைத்துக்கொண்டு, சல்வார் கமீஸ் உடையிலேயே ஓடிப் பழகினார். பயிற்சிக்கு வருபவர்கள் தினமும் அரை லிட்டர் பால் கொண்டுவர வேண்டும் என்பது விதி. வீட்டில் வாங்க முடிந்தது 200 மில்லி. மீதிக்குத் தண்ணீர் கலந்து யாருக்கும் தெரியாமல் குடித்ததாக ராணியே பின்னாளில் சொல்லியிருக்கிறார். வீட்டில் கடிகாரமும் இல்லை. விடியற்காலைப் பயிற்சிக்கு மகளை எழுப்புவதற்காக அம்மா தூங்காமல் வானத்தைப் பார்த்து நேரம் கணித்தாராம். இருட்டோடு எழுந்து பிரட்டுக்குப் போன தோட்டத்துக் குடும்பங்களுக்கு இது புரியாத கதை அல்ல.

பெண் பிள்ளை குட்டைப் பாவாடை போட்டுக்கொண்டு விளையாடுவதா என்று உறவினர்கள் கேட்டார்கள். பெற்றோரும் முதலில் தயங்கினார்கள். கண்டிப்புக்குப் பேர்போன பயிற்றுநர் பல்தேவ் சிங்தான் அவரை உருவாக்கினார். ஒரு போட்டியில் கிடைத்த 500 ரூபாயை ராணி அப்பாவின் கையில் கொடுத்தார். சொந்த வீடு வாங்கித் தருவேன் என்றும் சொன்னார். அந்த வாக்கு நிறைவேறியது 2017இல்.

பதினான்கு வயதுகூட நிறையாத நிலையில், 2008இல் ரஷ்யாவின் கசான் நகரில் நடந்த ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் ஆடினார். 2010 உலகக் கிண்ணத்தில் பதினைந்து வயதில் 7 கோல்கள். 2013 ஜூனியர் உலகக் கிண்ணத்தில் இந்தியாவுக்கு வெண்கலம். போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கு. 2015இல் ஜப்பானுக்கு எதிராக அவர் அடித்த ஒரே கோல், 36 ஆண்டுகளுக்குப் பின் இந்தியப் பெண்களை ஒலிம்பிக் வாசலுக்குக் கொண்டுபோனது. ஆனால் ரியோவில் 12 அணிகளில் கடைசி இடமே கிடைத்தது.

2017 ஆசியக் கிண்ணத்தை அவர் தலைமையில் இந்தியா வென்றது. மறு ஆண்டு கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் நமது மலேசிய அணியை 4-1 என்று வீழ்த்தியபோது ஒரு கோல் ராணியுடையது.

எல்லாவற்றையும்விடப் பெரிய சோதனை 2019 நவம்பரில் புவனேஸ்வரில் வந்தது. தோக்கியோ ஒலிம்பிக்குக்கான தகுதி ஆட்டங்களில், முதல் நாள் அமெரிக்காவை இந்தியா 5-1 என்று வென்றது. வேலை முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். மறுநாள் இடைவேளைக்குள் அமெரிக்கா 4 கோல்களைப் போட்டுவிட, மொத்தக் கணக்கு 5-5 ஆனது. கடைசிக் கால்பகுதியில் ராணி அடித்த கோல்தான் 6-5 என்று இந்தியாவைக் காப்பாற்றியது. ஒரு மட்டை வீச்சில் நான்கு ஆண்டு உழைப்பு தப்பியது.

தோக்கியோவில் காலிறுதியில் ஆஸ்திரேலியாவை 1-0 என்று தோற்கடித்து, ஒலிம்பிக் அரையிறுதிக்கு முதன்முறையாக இந்தியப் பெண்கள் அணி முன்னேறியது. கோல் குர்ஜித் கவுருடையது. அரையிறுதியில் அர்ஜெண்டினாவிடமும், வெண்கல ஆட்டத்தில் பிரிட்டனிடம் 3-4 என்றும் தோற்று நான்காம் இடத்தில் முடிந்தது. பதக்கம் இல்லாத அந்த அணியை நாடே கொண்டாடியது.

அதற்குப் பிறகு காயங்கள் விடவில்லை. 2022 உலகக் கிண்ண அணியில் அவர் பெயர் இல்லை. மூத்த ஆட்டக்காரருக்கு நேர்ந்த இந்த விலகல் ரசிகர்களுக்குக் கசப்பாகவே இருந்தது. பத்மஸ்ரீ, கேல் ரத்னா விருதுகள் 2020இலேயே வந்துவிட்டன. ரேபரேலியில் ஒரு ஹாக்கித் திடலுக்கு அவர் பெயர் வைக்கப்பட்டிருக்கிறது. 2024 அக்டோபர் 24ஆம் தேதி ஓய்வை அறிவித்தார். அவர் அணிந்த 28ஆம் எண் சட்டை இனி வேறு யாருக்கும் தரப்படாது என ஹாக்கி இந்தியா அறிவித்தது.