இறந்துகொண்டிருக்கும் நகரம் – சிவிட்டா

இத்தாலி என்றதும் ரோம், வெனிஸ், பைசா கோபுரம் ஆகியவைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். ரோமிலிருந்து வடக்கே ஏறத்தாழ 120 கி.மீ. தொலைவில், லாத்சியோ மாநிலத்தின் வித்தெர்போ மாவட்டத்தில், ஒரு செங்குத்தான பாறையின் உச்சியில் ஒரு சின்னஞ்சிறு ஊர் இருக்கிறது. பெயர் சிவிட்டா தி பாஞோரேஜியோ. இத்தாலியர்கள் இதற்கு வைத்திருக்கும் இன்னொரு பெயர் "இறந்துகொண்டிருக்கும் நகரம்". அருகிலுள்ள பாஞோரேஜியோவில் பிறந்த எழுத்தாளர் பொனவெந்தூரா தெக்கி (1896–1968) சூட்டிய பெயர் இது.

சிவிட்டா சுமார் 2500 ஆண்டுகளுக்கு முன் தோன்றியது. ரோமானியர்களுக்கு முன்பே இத்தாலியில் செழித்து வாழ்ந்த எட்ரஸ்கன் இனத்தவர் இதை உருவாக்கினர். பாறையைக் குடைந்து அவர்கள் அமைத்த குகைகளைப் பின்னாளில் வந்தவர்கள் தொழுவங்களாகவும் திராட்சை மது வைக்கும் அறைகளாகவும் பயன்படுத்தினார்கள்.

எதிரிகள் எளிதில் ஏறிவர முடியாது என்பதால் மலையுச்சி பாதுகாப்பான இடம்தான். ஆனால் ஆபத்து வெளியிலிருந்து வரவில்லை, காலடியிலேயே இருந்தது. ஊர் நிற்பது எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான பாறையின் மேல். அதற்குக் கீழே இருப்பதோ, ஒரு காலத்தில் கடலடியில் படிந்த களிமண். ஒருபுறம் ரியோ கியாரோ, மறுபுறம் ரியோ தோர்பிதோ என்ற இரண்டு சிற்றாறுகளும் மழையும் காற்றும் இந்தக் களிமண்ணை அரித்துக்கொண்டே இருக்கின்றன. அடித்தளம் கரையக் கரைய, மேலே உள்ள பாறை பிளந்து சரிகிறது. அதோடு ஓரத்து வீடுகளும் போய்விடுகின்றன.

13ஆம் நூற்றாண்டில் இங்கே பிறந்தவர்தான் பிரான்சிஸ்கன் சபையின் தலைவராக விளங்கிய புனித பொனவெந்தூர். பெரிய இறையியல் அறிஞர். கவிஞர் தாந்தே தனது காவியத்தின் சொர்க்கப் பகுதியில் இவரைப் பேசவைத்திருக்கிறார். அத்தகைய மகான் பிறந்த வீடும் பள்ளத்தாக்கில் சரிந்துவிட்டது. வீடு நின்ற இடத்தை மட்டுமே இன்று காட்டுகிறார்கள்.

1695ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஏற்பட்ட நிலநடுக்கம்தான் சிவிட்டாவுக்கு விழுந்த பெரிய அடி. வீடுகள் இடிந்தன, ஊருக்குள் வரும் பாதையும் சேதமடைந்தது. ஆயரும் நகர நிர்வாகமும் பக்கத்துப் பாஞோரேஜியோவுக்கு மாறினர். பெரியவர்கள் போனதும் சாதாரண மக்களும் ஒவ்வொரு குடும்பமாக வெளியேறத் தொடங்கினர். அதுவரை பேராலயமாக இருந்த சான் தொனாத்தோ கோவில் அந்தத் தகுதியை இழந்தது. இன்று சிவிட்டாவில் நிரந்தரமாக வசிப்பவர்கள் பத்துப் பதினைந்து பேர்தான்.

ஊருக்குள் செல்ல இன்று இருக்கும் ஒரே வழி, 1965இல் கட்டப்பட்ட, சுமார் 300 மீட்டர் நீளமுள்ள நடைபாலம். கார், பஸ் எதுவும் போகாது. பாலம் முடியும் இடத்தில் சாந்தா மரியா வாசல். அதைத் தாண்டினால் கற்கள் பதித்த தெருக்கள், வீட்டு வாசல்களில் பூந்தொட்டிகள், நடுவில் கோவில் சதுக்கம். கோடையில் அந்தச் சதுக்கத்தைச் சுற்றிக் கழுதைப் பந்தயம் நடக்கிறது. அன்று ஊரே கூடிவிடும்.

அழியப்போகிறது என்ற செய்தியே இந்த ஊருக்கு விளம்பரமாகவும் ஆனது. 2013இல் இங்கே ஒன்றரை யூரோ நுழைவுக் கட்டணம் கொண்டுவந்தார்கள். பிறகு அது ஐந்து யூரோவாக உயர்ந்தது. கட்டணம் வைத்தும் கூட்டம் குறையவில்லை, கூடியது. ஆனால் சுற்றுலாப் பயணிகள் மாலையில் திரும்பிவிடுவார்கள். இரவில் விளக்கேற்ற ஆள் இல்லாவிட்டால் அதை ஊர் என்று சொல்ல முடியுமா?

இந்தக் கேள்விக்குச் சிவிட்டா மக்கள் ஆண்டுதோறும் ஒரு பதில் சொல்கிறார்கள். சான் தொனாத்தோ கோவிலில் ஒரு பழைய மரச் சிலுவைச் சொரூபம் இருக்கிறது. புனித வெள்ளியன்று அதைச் சுமந்துகொண்டு பாஞோரேஜியோவுக்கு ஊர்வலமாகச் செல்வார்கள். நள்ளிரவுக்குள் அது திரும்பிவர வேண்டும். தவறினால் சொரூபம் பாஞோரேஜியோவுக்கே சொந்தமாகிவிடும் என்பது அவர்களது நம்பிக்கை.

ஆயர் போனார், நிர்வாகம் போனது, மக்களும் போனார்கள். சொரூபம் மட்டும் நள்ளிரவுக்கு முன் அந்த மேட்டில் ஏறி வீடு திரும்பிவிடுகிறது.