மூளையும் பீடமும்: தமிழ்த் துப்பறியும் படங்களின் எதிராளி குறித்து

ஜூபிடர் நிறுவனம் 1936இல் வெளியிட்ட 'சந்திரகாந்தா'வைத் திரைப்பட வரலாறு பெரும்பாலும் ஒரே காரணத்துக்காகவே நினைவில் வைத்திருக்கிறது. புதுக்கோட்டை உலகநாதன் சின்னப்பா, அதாவது பி.யூ. சின்னப்பா, திரைக்கு வந்தது அந்தப் படத்தில்தான். சுண்டூர் இளவரசன் வேடம் அவருக்கு. ராஜா சாண்டோ இயக்கிய அந்தப் படம் ஜே.ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் நாவலிலிருந்து எடுக்கப்பட்டது என்ற செய்தி அடிக்குறிப்பாகவே நின்றுவிட்டது. அந்த அடிக்குறிப்பைத்தான் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. படத்தில் துப்பறிவாளனுக்கு எதிரே நிற்பவன் யார்? ஒரு மடத்தின் பண்டாரசந்நிதி. அந்த வேடத்தில் நடித்தவர் காளி என். ரத்தினம்.

இதற்கு ஓராண்டு முன்பு, 1935இல், இங்கிலாந்தில் லெஸ்லி ஹிஸ்காட் இயக்கத்தில் 'தி டிரையம்ஃப் ஆஃப் ஷெர்லாக் ஹோம்ஸ்' வெளிவந்தது. ஆர்தர் வான்ட்னர் ஹோம்ஸ். லின் ஹார்டிங் பேராசிரியர் மோரியார்ட்டி. கோனன் டாயிலின் 'தி வேலி ஆஃப் ஃபியர்' நாவலே மூலம். துப்பறியும் தொழிலை விட்டுவிட்டுத் தேனீ வளர்க்கப் போக நினைக்கும் ஹோம்ஸை மோரியார்ட்டியின் கை மீண்டும் இழுத்து வருகிறது. நாவலில் மோரியார்ட்டி பெரிதும் பின்னணியில் இருக்கும் நிழல்தான். படமோ அவனை முன்னுக்குக் கொண்டுவந்து, ஹோம்ஸுக்கு நேரெதிரே நிறுத்திவிட்டது. சத்தமில்லாத சிந்தனையாளர் இருவர் ஒருவரையொருவர் அளந்து பார்ப்பதுதான் அந்தப் படத்தின் உயிர்.

ஓராண்டு இடைவெளியில் வந்த இந்த இரண்டு எதிராளிகளையும் அருகருகே வைத்தால் ஒரு வேறுபாடு கண்ணில் படுகிறது. ஆங்கிலப் படத்தில் குற்றத்தின் ஊற்று மூளை. தமிழ்ப் படத்தில் அது பீடம். நம் துப்பறியும் கதைகளுக்கு அறிவாளிக் குற்றவாளியை உருவாக்கத் தெரியவில்லை என்ற குறை அவ்வப்போது சொல்லப்படுவதுண்டு. அது குறையன்று, வேறொரு கேள்விக்கான விடை என்பதே என் வாதம்.

மோரியார்ட்டியின் பதவியை டாயில் நடத்தும் விதம் கவனிக்கத்தக்கது. 1893இல் வந்த 'தி ஃபைனல் பிராப்ளம்' கதையில் அவன் ஏதோ இருண்ட வதந்திகளால் பல்கலைக்கழகப் பொறுப்பை விட்டு விலக நேர்ந்தவன். இருபத்தொரு வயதில் ஈருறுப்புத் தேற்றம் குறித்து எழுதிய நூலே அவன் பெருமை. 'தி வேலி ஆஃப் ஃபியர்' கதையில் அவன் இன்னும் பேராசிரியன்; ஆண்டுக்கு 700 பவுன் சம்பளம். ஆனால் அவன் அறைச் சுவரில் க்ரூஸ் என்ற பிரெஞ்சு ஓவியரின் விலையுயர்ந்த படம் தொங்குகிறது. எழுநூறு பவுன்காரனுக்கு அது கட்டுப்படியாகாது என்று ஹோம்ஸ் கணக்குப் போடுகிறார். அங்கே பதவி என்பது ஒரு சம்பளத் தொகை, ஒரு துப்பு, அவ்வளவுதான். பதவி போனாலும் மோரியார்ட்டி மோரியார்ட்டியே.

பண்டாரசந்நிதியிடமிருந்து மடத்தை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? சாதாரணமான ஒரு காமுகன். அவனை அபாயகரமானவனாக ஆக்குவது மடத்துச் சொத்து, காலில் விழும் சீடர்கள், அவன் வார்த்தையை மறுக்க அஞ்சும் ஊர். இத்தகையவனைப் பிடிக்க அனுமானம் எதற்கு? அவன் செய்த குற்றம் ஊரில் பாதிப்பேருக்குத் தெரிந்தே இருக்கும். தெரிந்ததைச் சொல்ல வைப்பதுதான் கடினம். ரங்கராஜுவின் துப்பறிவாளர் கோவிந்தன் செய்ய வேண்டிய வேலை கண்டுபிடிப்பதை விடவும் அம்பலப்படுத்துவதே.

இந்த வார்ப்பு எங்கிருந்து வந்தது என்று தேடுவோர் டாயிலிடம் நேரே போய்விடுகிறார்கள். வழி அங்கே இல்லை என்று நினைக்கிறேன். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' 1908இல் வந்தது. அந்தத் தலைமுறைத் தமிழ் நாவலாசிரியர்கள் மிகுதியாகக் கையாண்ட ஆங்கிலேயர் ஜி.டபிள்யூ.எம். ரெய்னால்ட்ஸ். ஆரணி குப்புசாமி முதலியார் அவரைத் தழுவி எழுதிக் குவித்தார், வடுவூர் கே. துரைசாமி ஐயங்காரும் அவரிடம் கைமாற்று வாங்கியவரே. 1844 முதல் தவணைகளாக வந்த 'தி மிஸ்டரீஸ் ஆஃப் லண்டன்' தொடரை எழுதிய ரெய்னால்ட்ஸ், தொழிலாளர் வாக்குரிமைக்காகப் போராடிய சார்ட்டிஸ்ட் இயக்கத்தவர். பிரபுக்களும் பாதிரிமாரும்தான் அவர் கதைகளின் கயவர்கள். சென்னையில் அந்தப் புத்தகங்களைப் படித்த ஒருவருக்குப் பிரபுவின் இடத்தில் ஜமீன்தாரையும், பாதிரியின் இடத்தில் மடாதிபதியையும் வைத்துப் பார்க்க அதிக நேரம் பிடித்திருக்காது. டாயில் கொடுத்தது துப்பறிவாளன் என்ற உருவத்தை. எதிராளியைக் கொடுத்தது ரெய்னால்ட்ஸ்.

எதிராளியின் பலம் பீடம் என்றால், சின்னப்பாவின் புதுக்கோட்டையும் இங்கே வெறும் பிறந்த ஊராக மட்டும் வரவில்லை. சின்னப்பா 1916இல் பிறந்தபோது அது தொண்டைமான் மன்னர்களின் தனி அரசு. சென்னை மாகாண அரசின் மேற்பார்வையில் இருந்த ஐந்து சுதேச சமஸ்தானங்களில் திருவிதாங்கூர், கொச்சிக்கு அடுத்தது. மற்ற இரண்டில் ஒன்று பெல்லாரிப் பக்கத்துச் சண்டூர். சின்னப்பா ஏற்ற இளவரசனின் ஊர்ப்பெயரோடு அது ஒத்துப்போவது தற்செயலாகவும் இருக்கலாம். 1,100 சதுர மைலுக்குச் சற்றுக் கூடுதலான நிலம், தனிக் காவல்துறை, தனி நீதிமன்றம், அம்மன் காசு என்ற தனி நாணயம். சுற்றிலும் பிரிட்டிஷ் மாவட்டங்கள். 1948 மார்ச்சில் இந்திய ஒன்றியத்தோடு இணையும் வரை இதே நிலைதான். சட்டம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, யார் சொல் யாரைக் கட்டும் என்பதெல்லாம் அங்கே அன்றாட விவகாரம். சின்னப்பா பணம் வந்த காலத்தில் ஊரில் வீடு வீடாக வாங்கித் தள்ள, இனி வாங்கக் கூடாது என்று சமஸ்தானமே தடுத்ததாக ஒரு கதை உண்டு. உண்மையோ மிகையோ, அப்படியொரு கதை பிறக்க அரண்மனை இருக்கும் ஊர்தான் வேண்டும்.

சின்னப்பாவின் பயிற்சியும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. சிறுவர்களைக் கொண்டு நாடகம் நடத்திய பாய்ஸ் கம்பெனிகளில் வளர்ந்தவர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் காளி என். ரத்தினத்தோடு இருந்தவர். குரல் உடைந்து நாடக வாய்ப்பு குறைந்த காலத்தில் சிலம்பமும் சங்கீதமும் கற்றுத் தேறினார். அவருடைய கதாநாயகன் யோசித்து வெல்பவனல்ல. பாடியும் கம்பு சுழற்றியும் வெல்பவன்.

'உத்தம புத்திரன்' (1940) துப்பறியும் படம் இல்லைதான். ஆனாலும் என் வாதத்துக்கு அதைவிடத் தெளிவான சான்று வேறில்லை. முந்தைய ஆண்டு ஹாலிவுட்டில் வந்த 'தி மேன் இன் தி அயன் மாஸ்க்' படத்தைத் தழுவி, மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் எடுத்தது. சின்னப்பாவுக்கு இரட்டை வேடம். ஒரே கருவில் பிறந்த இருவர்: ஒருவன் அரியணையை நோக்கி வளர்கிறான், கொடியவனாகிறான், மற்றவன் அரண்மனைக்கு வெளியே வளர்கிறான், உத்தமனாகிறான். மூளை ஒன்று, முகம் ஒன்று, குரலும் ஒன்று. வேறுபாடு உட்கார்ந்த இடத்தில் மட்டும்! ஹோம்ஸும் மோரியார்ட்டியும் அறிவில் இரட்டையர்கள் என்று ஆங்கில விமர்சகர்கள் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோயிற்று. இங்கே இரட்டையர் என்பது உருவகமே இல்லை, கதை. அந்தக் கதையும் அறிவைப் பற்றிப் பேசவில்லை. அதிகாரத்தைப் பற்றிப் பேசுகிறது.

அதே சுந்தரம் பத்தாண்டு கழித்து, 1950இல், வடுவூராரின் நாவலைக் கொண்டு 'திகம்பர சாமியார்' எடுத்தார். எதிராளி கும்பகோணத்து வக்கீல் சட்டநாதம் பிள்ளை. துப்பறியும் சாமியாராக எம்.என். நம்பியார், 11 வேடங்களில். பின்னாளில் வில்லன் என்றாலே நினைவுக்கு வரும் முகம் அப்போது நியாயத்தின் பக்கம் நின்றது. (தமிழ் ரசிகன் இந்த வேடிக்கையை இன்னும் முழுதாக ருசித்ததாகத் தெரியவில்லை.) சட்டநாதம் பிள்ளை சட்டம் தெரிந்தவர், அந்த வகையில் நம் பட்டியலில் மோரியார்ட்டிக்கு மிக நெருங்கி வருபவர். அவருடைய பலம் வாதத் திறமையில் இருக்கிறதா, வக்கீல் என்ற மரியாதையில் இருக்கிறதா என்று கேட்டால், இரண்டாவதுதான் என்று படம் தயங்காமல் சொல்கிறது.

சாமியார் அவரை வீழ்த்தும் முறை ஒன்று இருக்கிறது. வக்கீலைச் சிக்கவைத்து, தூங்கவே விடாமல், ஆட்டமும் பாட்டுமாக இரவு பகலாக விழிக்க வைத்து, அந்த அசதியில் உண்மையைக் கக்க வைக்கிறார். இன்றைய கண்ணுக்கு இது சித்திரவதை. சட்டப்படி அந்த வாக்குமூலம் செல்லாது. சட்டநாதம் பிள்ளையே நீதிமன்றத்தில் அதைத் தவிடுபொடியாக்கிவிடுவார். ஆனால் படம் நீதிமன்றத்தை நம்பவில்லை என்பதே இதில் உள்ள சேதி. நீதிமன்றம் அவருடைய இடம். அங்கே வாதாடினால் அவர்தான் ஜெயிப்பார். எனவே வக்கீலை அவருடைய அங்கியிலிருந்தும் கட்சிக்காரர்களிடமிருந்தும் பிரித்து, தூக்கத்துக்குக் கெஞ்சும் வெறும் உடம்பாக ஆக்கிய பிறகே உண்மை வருகிறது. ஹோம்ஸ் அனுமானத்தால் செய்வதைச் சாமியார் பதவிநீக்கத்தால் செய்கிறார்.

இதற்கு மறுப்பு உண்டு, அதை ஒதுக்கிவிட முடியாது. நம்பியாரின் 11 வேடங்களுக்குச் சமூக விளக்கம் தேவையில்லை. நாடக மேடையின் வழக்கம் போதும் என்று வாதிடலாம். ஒரே நடிகன் பல வேடம் கட்டுவது பாய்ஸ் கம்பெனியில் தினசரி நடப்பு. நம்பியார் நவாப் ராஜமாணிக்கத்தின் கம்பெனியில் வளர்ந்தவர். பல வேடம் என்றால் டிக்கெட் விற்கும். இதில் பாதியை ஏற்கிறேன். ஹிஸ்காட்டின் படத்துக்கும் இது பொருந்தும்: திரையரங்குகளில் பிரிட்டிஷ் படங்களுக்குப் பங்கு ஒதுக்கிய 1927ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டிக் குறைந்த செலவில் படங்கள் எடுத்த ட்விக்கனம் ஸ்டுடியோவுக்கு, நான்கு சுவருக்குள் இருவர் உட்கார்ந்து பேசுவது மலிவான காட்சி. மூளைப் போரின் ஒரு பங்கு சிக்கனத்தின் விளைவு. ஆனால் மேடை வழக்கம் வேடங்களின் எண்ணிக்கையை விளக்குமே தவிர, எதிராளி ஏன் திரும்பத் திரும்ப மடாதிபதியாகவும் வக்கீலாகவும் இளவரசனாகவும் வருகிறான் என்பதை விளக்காது.

இன்னொரு சிக்கல், ஆதாரம் பற்றியது. 1930களின் தமிழ்ப் படங்களில் பெரும்பகுதிக்கு இன்று படச்சுருள் இல்லை. அதனால் நாவல், பாட்டுப் புத்தகம், பத்திரிகை விமர்சனம் இவற்றைக் கொண்டே படத்தை ஊகிக்க வேண்டியிருக்கிறது. புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் பா. கிருஷ்ணமூர்த்தியும் டோரதி கிருஷ்ணமூர்த்தியும் உருவாக்கிய ஞானாலயா நூலகம் போன்ற சேகரங்கள் முதற்பதிப்புகளையும் பழைய இதழ்களையும் காத்து வைத்திருப்பதால்தான் இந்த ஊகத்துக்கே கொஞ்சம் தரை கிடைக்கிறது. இலக்கிய விமர்சனம் ஒதுக்கிய துப்பறியும் நாவல்களைப் பொது நூலகங்கள் முறையாகச் சேர்க்கவில்லை. சேர்த்தவையும் அட்டை கிழிந்து தொலைந்தன.

சின்னப்பா 1951 செப்டம்பரில், 35 வயதில் மறைந்தார். மூன்றாண்டு கழித்து எஸ். பாலசந்தர் இயக்கி ஏவி.எம். வெளியிட்ட 'அந்த நாள்' இந்த வரிசையை உடைத்தது என்பார்கள். பாட்டில்லை, கம்புச்சண்டை இல்லை, இரட்டை வேடம் இல்லை. ஜாவர் சீதாராமன் எழுதி, சி.ஐ.டி. அதிகாரியாகவும் நடித்தார். கொலையுண்டவன் ராஜன், சிவாஜி கணேசன் ஏற்ற அந்த ரேடியோ இன்ஜினியர்தான் இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானுக்குத் தகவல் விற்ற துரோகியும். கடைசியில் ஒரு மூளை வந்து சேர்ந்தது. ஆனால் அவன் துரோகியான கதையைப் பாருங்கள்: தன் ஆராய்ச்சியை இங்கே யாரும் மதிக்கவில்லை, ஆதரவு தரவில்லை, மதித்த இடத்துக்கு விலை போனான். அறிவுக்கு உரிய இடம் மறுக்கப்பட்டவன் அவன். அவனைச் சுட்டது மனைவி உஷா. துப்பறிவாளர்கள் விசாரித்து விசாரித்து வந்து நிற்பதும் அவளுடைய வாக்குமூலத்தில்தான்.