ரொட்டி மா மலையேறிய கதை

பதுளை, பசறை, அப்புத்தளைத் தோட்டங்களில் ரொட்டியை யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கோதுமை மா, துருவிய தேங்காய், உப்பு, தண்ணீர். கூடவே கட்டச் சம்பல். பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, போகுமுன் சோறும் கறியும் ஆக்க எங்கே நேரம்? ரொட்டி என்றால் தட்டிச் சுட்டுத் துணியில் சுற்றிக் கொழுந்து மலைக்கே கொண்டுபோகலாம். ஆறினாலும் தின்னலாம். ஆனால் தமிழ்நாட்டிலிருந்து இங்கு வந்த பாட்டன் பூட்டன்மார் தோட்டத்தில் பங்காக வாங்கியது அரிசி. மா எப்போது புகுந்தது?

முதல் தள்ளு ஜப்பானியப் படையால் வந்தது. 1942இல் ரங்கூன் விழ, பர்மா அரிசி நின்றது. அந்த இடத்தில் மா உட்கார்ந்தது. தேயிலை கொழும்புக்கு இறங்க 1924இலேயே பதுளை வரை ரயில்பாதை வந்துவிட்டதால், மூட்டைகள் மேலேறவும் சிரமம் இருக்கவில்லை.

போர் முடிந்த சில ஆண்டுகளில் அமெரிக்காவில் கோதுமை மலையாகக் குவிந்தது. அங்கும் அது வந்தேறிதான்: 1874இல் ரஷ்யப் பேரரசிலிருந்து கான்சாஸில் குடியேறிய மென்னோனைட் விவசாயிகள் கொண்டுபோன 'துருக்கிச் சிவப்பு' ரகம் அந்த மாநிலத்தையே கோதுமைச் சீமையாக்கியது. குவிந்ததைத் தள்ள வாஷிங்டன் 1954இல் ஒரு வழி கண்டது. பொதுச் சட்டம் 480 என்று பெயர். மிஞ்சிய தானியத்தை ஏழை நாடுகளுக்குச் சலுகையில் விற்பது ஏற்பாடு. விளைபொருளுக்குப் புதுச் சந்தை பிடிப்பதும் நோக்கம் என்பதைச் சட்டமே ஒளிக்கவில்லை.

இலங்கையோ ஏற்கனவே வாஷிங்டனின் முறைப்பை வாங்கியிருந்தது: 1952இல் சீனாவுக்கு ரப்பர் கொடுத்து அரிசி வாங்கியது. பிறகு பிரதமர் சிறிமாவோவின் ஆட்சி அமெரிக்க எண்ணெய்க் கம்பனிகளான எஸ்ஸோ, கால்டெக்ஸ் ஆகியவற்றின் சொத்துகளை எடுத்துக்கொண்டது. நட்டஈடு இழுபட, 1963 பெப்ரவரியில் அமெரிக்க உதவி நின்றது. ஹிக்கன்லூப்பர் திருத்தம் என்ற புதுச் சட்டத்தின் முதல் அடி விழுந்தது இந்தக் குட்டித் தீவின் முதுகில்தான்! 1965இல் டட்லி பிரதமராக வந்து நட்டஈடு தீர்ந்ததும் உதவி திரும்பியது. அமெரிக்க மாவும் கடனுக்கு வந்தது.

1973இல் உலகத் தானிய விலை எகிற, அரசு பங்கீட்டை வெட்டியது. கிராமத்தானுக்கு ஒரு துண்டு வயலாவது இருந்தது. தோட்டத்து லயன் வீடுகளில் இருந்தவர்களுக்கு அதுவும் இல்லை. 1974இல் தோட்டங்களில் இறப்பு வீதம் கடுமையாக உயர்ந்தது. பலர் மலையைவிட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போனார்கள். அதே காலத்தில்தான் கெயார் நிறுவனமும் அமெரிக்க உதவியும் சேர்ந்து கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் திரிபோஷா என்ற சத்துமா கொடுக்கத் தொடங்கின.

1980இல் சிங்கப்பூரின் பிரிமா நிறுவனம் திருகோணமலையில் மா ஆலை திறந்தது. கோதுமை அரசுடையது, அரைத்த கூலிக்குத் தவிட்டை ஆலை எடுத்துக்கொண்டது. வியாபாரிக்குத் தவிடும் காசுதான்.

இந்த மாவைத் தர்ம மா என்று சொல்வோர் இன்னும் உண்டு. கர்ப்பிணிக்குக் கிடைத்த திரிபோஷாவுக்கு அந்தப் பெயர் பொருந்தும். ரொட்டி மாவுக்குப் பொருந்தாது: நாடு அதைக் கடனுக்கு வாங்கியது, தோட்டத்து ஆள் தன் சம்பளக் காசில் வாங்கினான்.