வைக்கோல் காகிதமான ஊர்

சென்ற தவணையில் எட்டாம் தரப் பிள்ளைகளிடம், "நமது ஊரில் காகிதம் எதிலிருந்து செய்தார்கள்?" என்று கேட்டேன். "மரம்" என்றே எல்லோரும் சொன்னார்கள். ஒருத்தி மட்டும் எழுந்து, "வைக்கோல் சேர். எங்கட மூத்தாப்பா மில்லில வேலை செய்தவர்" என்றாள்.

கல்குடா என்றதும் வெளியூராருக்குக் கடற்கரையே நினைவுக்கு வரும். ஆனால் வாழைச்சேனை, ஓட்டமாவடிச் சுற்றயலுக்குப் பட்டினச் சாயலைத் தந்தது களப்போரத்துக் காகித ஆலைதான்.

1928 இல் மட்டக்களப்புக்குப் புகையிரதம் ஓடத் தொடங்கியது. சுதந்திரத்தின் பின் ஜீ.ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில் காங்கேசன்துறைச் சீமெந்து, பரந்தன் இரசாயனம், வாழைச்சேனைக் காகிதம் என மூன்று ஆலைகள் முன்னெடுக்கப்பட்டன. வாழைச்சேனை ஆலை 1956 இல் உற்பத்தியைத் தொடங்கியது. நீர், புகையிரதப் பாதை, சுற்றிலும் வயல் என மூன்றும் இங்கு ஒருசேர அமைந்திருந்தன.

சூடடித்த பின் களவெட்டியில் எரிந்து போகக்கூடிய வைக்கோலுக்கு அதனால் ஒரு விலை உண்டானது. அதைக் காஸ்டிக் சோடாவில் அவித்துக் கூழாக்கி, வெளுத்து, தாளாக்கினார்கள். காஸ்டிக் சோடாவும் குளோரினும் பரந்தனில் உற்பத்தியாகின. கிழக்கின் வயலையும் வடக்கின் உப்பையும் இணைத்த தொழில் இது.

இந்த ஆலையின் பெறுமதியைத் தாள்களின் எண்ணிக்கையால் மட்டும் அளக்க முடியாது. முஸ்லிம்களும் தமிழர்களும் ஒரே முறை மாற்றத்தில் நின்று வேலை செய்தார்கள். ஒரே நாளில் சம்பளம் வாங்கினார்கள். வயலையும் தோணியையும் நம்பியிருந்த வீடுகளுக்கு மாதச் சம்பளம் என்ற ஒன்று அறிமுகமானது. சம்பள நாளை நம்பிக் கடைகள் கடன் கொடுத்தன. பிள்ளைகளின் படிப்பும் நீண்டது.

குறையையும் சொல்லத்தான் வேண்டும். வைக்கோலில் மண்சத்தான சிலிக்கா அதிகம். அவித்த கரிய நீரிலிருந்து இரசாயனத்தை மீட்டெடுப்பது கடினம். அந்தக் கழிவு களப்பில் கலந்தது. ஆலை சோறு போட்ட அதே ஊரில் மீன்பிடிப்பவர்கள் அதன் விலையைச் செலுத்தினார்கள்.

1978 நவம்பர் சூறாவளி கிழக்கையே புரட்டியது. பின்னர் யுத்தம் வந்தது. 1985, 1990 ஆண்டுகளின் வன்செயல்கள் இரு சமூகங்களையும் பிரித்தன. உற்பத்தி சரிந்தது, ஆலை நீண்ட காலம் மூடிக்கிடந்தது. மீள இயக்கும் முயற்சிகள் நடந்தும் பழைய காலம் திரும்பவில்லை.

எமது வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இழப்புகளையே எழுதுகிறார்கள். அவை எழுதப்படத்தான் வேண்டும். ஆனால் இரவு வேலைக்கு ஒன்றாகச் சைக்கிளில் சென்றவர்களின் கதை எழுதப்படாது போனால், இங்கு எப்போதும் பகைதான் இருந்தது என்று எமது பிள்ளைகள் நம்பிவிடுவார்கள்.

அந்தப் பிள்ளையிடம், மூத்தாப்பாவுடன் வேலை செய்தவர்களின் பெயர்களைக் கேட்டு எழுதி வரச் சொன்னேன். மறுநாள் கொப்பியில் பதினொரு பெயர்கள் இருந்தன. ஆறு முஸ்லிம் பெயர்கள், ஐந்து தமிழ்ப் பெயர்கள். எமது ஊரின் வரலாற்றை அங்கிருந்தே தொடங்கலாம்.