அல்லங்காடியில் பிழைத்த நூல்கள்

பகலில் கூடும் அங்காடியை நாளங்காடி என்றும், இரவில் கூடுவதை அல்லங்காடி என்றும் பிரித்து வழங்கினர் பண்டைத் தமிழர். மதுரைக்காஞ்சி இவ்விரண்டையும் நம் கண்முன் நிறுத்துகிறது. அந்தி சாய்ந்த பின் கூடி, ஒருவர் கழித்த பொருளை மற்றொருவருக்கு மலிவாக விற்கும் அங்காடி ஒன்று சென்னைப் பட்டணத்திலும் இருந்தது. அதன் பெயர் குஜிலி. பழம்பொருள் அங்காடியாகப் பின்னாளில் புகழ் பெற்றது மூர் மார்க்கெட். முன்னது ஒரு வகைத் தமிழ் நூல்களைப் பெற்றெடுத்தது. பின்னது பழந்தாளுக்குப் புகலிடம் ஆயிற்று. தமிழ் அச்சு வரலாற்றில் இவ்விரு கடைத்தெருக்களுக்கும் உள்ள பங்கு, புலவர் வரலாறுகளில் அதிகம் பேசப்படுவதில்லை.

குஜிலிக் கடைத்தெரு

குஜிலி பஜார் மாலை வேளையில் கூடியமையால் ஆங்கிலேயர் அதனை 'ஈவ்னிங் பஜார்' என்றனர். அங்கு வரும் பொருள்கள் எவ்வழியில் வந்தன என்று எவரும் கேட்பதில்லை. ஆகவே 'திருடர் கடைத்தெரு' என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. பழைய பூட்டு, ஓட்டைப் பாத்திரம் ஆகியவற்றின் இடையே பாட்டுப் புத்தகங்களும் விலை கூறப்பட்டன. மட்டமான தாள், சில பக்கங்கள், அணாக் கணக்கில் விலை. 'பெரிய எழுத்து' நல்லதங்காள் கதையும் அல்லி அரசாணி மாலையும் இத்தகைய மலிவுப் பதிப்புகளாகவே ஊர் ஊராகச் சென்றன. வெள்ளம் வந்தால் வெள்ளச் சிந்து, கொலை நடந்தால் கொலைச் சிந்து, ரயில் கவிழ்ந்தால் அதற்கும் ஒரு பாட்டு. 1931இல் பகத்சிங் தூக்கிலிடப்பட்டபோது அவரைப் பற்றிய பாடல்களும் இவ்வாறே அச்சாகிப் பரவின. விற்பவரே சந்தையிலும் முச்சந்தியிலும் பாடி விற்றார், கேட்டவர் வாங்கினார், வாங்கியவர் பாடிப் பாடித் தாள் கிழிந்தபின் எறிந்தார்.

கற்றோர் இவற்றை இலக்கியமாக மதிக்கவில்லை. 'குஜிலிப் புத்தகம்' என்பதே ஓர் இகழ்ச்சிச் சொல்லாக வழங்கிற்று. 1867ஆம் ஆண்டின் அச்சகச் சட்டப்படி அரசுக்கு அளிக்கப்பட்ட படிகளுள் சில கடல் கடந்து இலண்டன் சென்றன. ஏனையவை வீட்டுப் பரண்களிலும், பின்னர்ப் பழைய தாள் வணிகரின் மூட்டைகளிலும் ஒதுங்கின.

செங்கல் மாளிகை

சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் மூர் 1898இல் அடிக்கல் நாட்ட, 1900இல் திறக்கப்பட்டது மூர் மார்க்கெட். இந்தோ சாரசெனிக் பாணியில் எழுந்த அச்செந்நிறக் கட்டடம், சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டியே நின்றது. அந்த அமைவிடம் அதன் இயல்பையே தீர்மானித்தது. வெளியூரிலிருந்து வந்து இறங்கியவரும், அடுத்த வண்டிக்கு இரண்டு மணி நேரம் இருப்பவரும் அதனுள் நுழைந்தனர். கூண்டுக் கிளி, கிராமபோன் தட்டு, பழைய நாணயம், நாற்காலி என எல்லாம் கிடைக்கும் அவ்விடத்தில், பழைய புத்தகக் கடைகளே படிப்போரின் புனிதத் தலமாயின.

பேரம் பேசுவது அங்கே ஒரு கலை. தேடி வந்த நூல் கண்ணிற்பட்டதும் முகம் மலர்ந்தால் விலை ஏறிவிடும். ஆகையால் வேண்டாத நூல் இரண்டைப் புரட்டிவிட்டு, வேண்டியதைக் கடைசியில் அலட்சியமாக எடுப்பது அனுபவசாலிகளின் வழக்கம். கடைக்காரரோ அட்டையைப் பாராமல் வாங்க வந்தவரின் கண்ணைப் பார்த்து விலை சொல்வார். முதற்பதிப்பின் அருமை அறியாது ஒரு ரூபாய்க்குக் கொடுப்பதும் உண்டு. ஒன்றுக்கும் உதவாத நூலை அரிய நூல் என்று தலையில் கட்டுவதும் உண்டு.

1985ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் அம்மாளிகை தீக்கு இரையாயிற்று. கடைக்காரர்களுக்குப் பின்னர் அல்லிக்குளத்தில் இடம் தரப்பட்டது. பழைய இடத்தில் ரயில்வேயின் புறநகர் நிலையம் எழுந்தது. 'மூர் மார்க்கெட் வளாகம்' என்ற பெயர் மட்டும் அதற்கு எஞ்சியது. எரிந்த தாள்களுக்குப் பட்டியல் ஏதும் இல்லை. நூலகம் எரிந்தால் இழப்பை எண்ணிச் சொல்ல இயலும். பழைய புத்தகக் கடை எரிந்தால் எதை இழந்தோம் என்பதும் அதனுடனேயே எரிந்து போகிறது.

தேடிச் சென்றோர்

தீயில் இட்டதும் தீயிலிருந்து மீட்டதும் தமிழுக்குப் புதியன அல்ல. ஏட்டுச் சுவடி தேடிக் கரிவலம்வந்தநல்லூர் சென்ற உ. வே. சாமிநாதையர், கோயிலிலிருந்த பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தில் இட்டுவிட்டதாகக் கேட்டு நெஞ்சம் பதைத்தார். அவர் ஊர் ஊராக அலைந்த அலைச்சலின் பயனாக 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும் அச்சேறின. ஓலைக்கு நேர்ந்த கதி பின்னாளில் தாளுக்கும் நேர்ந்தது. ஓலைக்கு ஓர் ஐயர் வாய்த்ததைப் போல் தாளுக்கும் சிலர் வாய்த்தனர்.

அவர்களுள் தலையாயவர் செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை தீட்டும் ஓவியராக வாழ்க்கை நடத்தியவர். பெரும் பட்டங்கள் எவையும் பெற்றவர் அல்லர். காப்பியத்தையும் இலக்கணத்தையும் சேர்த்த அதே கையால் நாடக நோட்டீசு, திருமண அழைப்பிதழ், துண்டு விளம்பரம், குஜிலிப் பாட்டு ஆகியவற்றையும் சேர்த்தார். சுமார் ஒரு லட்சம் உருப்படிகள் அவ்வாறு கோட்டையூரில் திரண்டன. உயர்ந்த நூல் எது, தாழ்ந்த நூல் எது என்று தரம் பிரிக்க அவர் முற்பட்டிருந்தால் அத்தொகுப்பில் பாதியும் எஞ்சியிராது. எதையும் தள்ளாமையே அவரது புலமை.

1992இல் அவர் மறைந்தார். தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கிற்று. எனினும் அது கப்பலேறவில்லை. நூல்கள் தமிழ்நாட்டிலேயே இருக்க, அவற்றை நுண்படமாக்கிக் காக்கும் ஏற்பாட்டுடன் 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தோன்றியது. ஒரு காலத்தில் கடலை மடிக்கவும் தகுதியானவை என்று கருதப்பட்ட சிந்துகளை இன்று சமூக வரலாற்று அறிஞர்கள் மேசைமீது வைத்து வரிவரியாகப் படிக்கின்றனர். ஒரு பஞ்சத்தைப் பற்றி எளிய மக்கள் என்ன நினைத்தார்கள், ரயிலை எப்படி வியந்தார்கள் என்பதற்கு அரசாங்க ஆவணங்கள் தராத விடையை அவை தருகின்றன.

கவிஞர்க்கு ஒரு சொல்

இவ்வரலாற்றில் கவிஞர்கள் கருத வேண்டியது ஒன்று உண்டு. ஐந்நூறு படி அச்சிட்டு, 'அன்புடன்' என்று கையெழுத்திட்டு நண்பர்க்கு அளித்த கவிதைத் தொகுதி, சில ஆண்டுகளில் திருவல்லிக்கேணி நடைபாதையில் ஐந்து ரூபாய்க்குக் கிடப்பதைக் கண்டு மனம் நொந்த கவிஞர் பலர். அவர் நோக வேண்டியதில்லை. நண்பர் வீட்டில் கட்டுண்டு கிடந்த நூல் நடைபாதைக்கு வந்தபிறகே முன்பின் அறியாத ஒரு வாசகனின் கைக்குப் போகும் வாய்ப்பைப் பெறுகிறது. கரையான் அரிப்பதைக் காட்டிலும் பேரத்திற்கு உள்ளாவது நூலுக்கு நல்லது.

எந்தத் தாள் நாளைய வரலாறு ஆகும் என்பதை அத்தாள் அச்சான காலத்தவர் அறிவதில்லை. குஜிலிப் பாட்டைக் கட்டியவனும் அறிந்திலன்; அதை ஒதுக்கிய புலவரும் அறிந்திலர். கவியரங்க அழைப்பிதழ், கையெழுத்து இதழ், கூட்ட நிகழ்ச்சி நிரல் ஆகியவற்றை ஆண்டுதோறும் வீட்டைத் தூய்மை செய்கையில் முதலில் வெளியே போடுகிறோம். ஓர் இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு அவற்றில்தான் இருக்கிறது. போடத்தான் வேண்டுமெனில் தீயில் போடாமல் பழைய தாள் வணிகரிடமேனும் போடுவோமாக. எங்கேனும் ஒருவர், அடுத்த வண்டிக்கு இரண்டு மணி நேரம் இருக்கையில், அவற்றைப் புரட்டக் கூடும்.