சணலை முறுக்கிய பேராசிரியர்

பொறியியல் கல்லூரியில் நுண்ணலை ஆய்வகம் நடத்துகிறேன். மெட்டாமெட்டீரியல் (தன் வடிவத்தால் அலையை ஆளும் செயற்கைக் கட்டமைப்பு) சென்சார் வடிவமைக்க வரும் மாணவர்கள் தங்கள் அறிக்கையின் வரலாற்றுப் பகுதியை 1967இல் தொடங்குவார்கள். எதிர்மறை ஒளிவிலகல் சாத்தியம் என்று மாஸ்கோவில் விக்டர் வெசலாகோ எழுதிய ஆண்டு அது. அதற்கு முன்னால் கல்கத்தாவைப் பற்றி ஒரு பத்தி சேர்த்து வரச்சொல்லித் திருப்பிக் கொடுப்பேன்.

கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ஜகதீஷ் சந்திர போஸ் 1890களில் சில மில்லிமீட்டர் அலைநீளமே உள்ள மின்காந்த அலைகளை உண்டாக்கினார். அலைநீளம் குறைந்ததால் மொத்தச் சோதனையும் ஒரு மேசைமேல் அடங்கியது. 1895இல் கந்தகத்தின் ஒளிவிலகல் எண்ணை அந்த அலையைக் கொண்டே அளந்தார். எந்தக் கோணத்தில் அலை வெளியேறாமல் முழுவதும் உள்ளேயே எதிரொளிக்கிறது என்று பார்த்து எண்ணைக் கணக்கிட்டார்.

1898இல் சணலை எடுத்தார். சர்க்கரைக் கரைசல் ஒளியின் முனைவாக்கத் தளத்தைத் திருப்புவதுபோல, முறுக்கிய சணல் கட்டுகள் மின்காந்த அலையின் தளத்தைத் திருப்பின. வலப்பக்கம் முறுக்கினால் ஒரு திசை, இடப்பக்கம் முறுக்கினால் எதிர்த்திசை. சணல் அதே சணல்தான்; அலையைத் திருப்பியது முறுக்கின் வடிவம். மெட்டாமெட்டீரியலின் அடிப்படை இதுவே.

ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1999இல், லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஜான் பெண்ட்ரியும் கூட்டாளிகளும் பிளவுற்ற தாமிர வளையங்களை முன்வைத்தார்கள். அடுத்த ஆண்டு சான் டியாகோவில் டேவிட் ஸ்மித் குழு அவற்றைக் கம்பிகளோடு அடுக்கி, வெசலாகோ சொன்ன வகைப் பொருளைச் செய்யமுடியும் என்று சோதித்துக் காட்டியது. வளையம் மின்தூண்டி, பிளவு மின்தேக்கி. இரண்டும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒத்ததிரும். பிளவில் குவியும் மின்புலத்தில் ஒரு பொருளை வைத்தால் மின்தேக்குத் திறன் கூடும், ஒத்ததிர்வு கீழே இறங்கும். எவ்வளவு கூடும் என்பதைத் தீர்மானிக்கும் சார்பு விடுதிறன் எண்ணெய்க்கு இரண்டு மூன்று, தண்ணீருக்கு எண்பதை ஒட்டி. அதனால் தானியத்தில் ஏறிய ஈரத்தைக்கூட, ஒத்ததிர்வை அளக்கும் நெட்வொர்க் அனலைசர் திரையில் பார்த்துவிடலாம்.

இப்படிப் பொருளை அளக்கும் பழைய முறைகளில் ஒன்றில் மாதிரியை அளவாக வெட்டி உலோகக் குழிக்குள் செருகவேண்டும். அந்த வளையத்தைத் தாமிரத் தகட்டில் வெட்டுப்பள்ளமாகச் செதுக்கி, பொருளை மேலே கிடத்தினாலே அளக்கலாம் என்று கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பாய்பேயும் ரமாஹியும் 2012இல் காட்டினார்கள். இன்று என் மாணவர்கள் சாதாரண சர்க்யூட் போர்டில் செதுக்குவது அதன் வழிவந்த வடிவங்களைத்தான்.

அலையால் பொருளை அளப்பது, வடிவத்தால் அலையை ஆள்வது: இந்த இரண்டு வேலையும் மூன்றே ஆண்டு இடைவெளியில் ஒரே மனிதரின் கையில் நடந்தன. நுண்ணலைப் பாடம் எடுக்கும் ஆசிரியர்களே, போஸின் 1895, 1898 கட்டுரைகளை முதல் வாரத்திலேயே மாணவர்களை வாசிக்க வையுங்கள்.